அவசரக் குறி யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி:

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மெயில் சாஃப்ட்வேரை மாற்றப் போகிறார்கள். அனுப்புகிறவரே ஒரு மெயிலை 'அவசரம்' என்று குறித்து அனுப்பும் வசதி புதியதில் வேண்டுமா, வேண்டாமா என்று பிரிவுத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இப்போது எனக்கு வரும் மெயிலில் பாதிக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறியோடுதான் வருகிறது. போன மாதம் எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஒருவர், 'எங்கள் மெயில் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள்' என்று எழுதியிருந்தார். அதுவும் அதே சிவப்புக் குறியோடு வந்ததால் இரண்டு நாள் நான் திறக்கவே இல்லை. பணம் போகும் முன் வேறொருவர் கவனித்துவிட்டதால் தப்பித்தோம். இந்த வசதியையே எடுத்துவிடச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. என் மேலதிகாரி கூடாது என்கிறார். அதை அதிகம் பயன்படுத்துகிறவரும் அவர்தான். இன்னொரு விஷயம்: இரவில் வேலை முடித்து நான் அனுப்பும் மெயில்களுக்கு என் குழுவினர் அப்போதே பதில் போடுகிறார்கள். நான் அப்படிக் கேட்பதே இல்லை. படித்தாயிற்று என்ற ரசீது கேட்டு அனுப்பினால் இதெல்லாம் சரியாகுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த வசதியை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும் என்றும் சொல்லாதீர்கள். 'இது அவசரம்' என்று சொல்லும் உரிமை அனுப்புகிறவருக்கு வேண்டும். அதைக் கேட்டு மணி அடிக்க வேண்டுமா என்று முடிவுசெய்யும் உரிமை பெறுகிறவரிடம் இருக்க வேண்டும். பல மெயில் சாஃப்ட்வேர்களில் இந்த இரண்டும் ஒரே பொத்தானுக்குள் கலந்து கிடக்கின்றன. உங்கள் தொல்லை முழுவதும் அந்தக் கலப்பிலிருந்து வருவதுதான். அலுவலகங்களுக்கு மெயில் சர்வர் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். உங்கள் குறையை நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிவப்புக் குறி போட்டால் மெயில் வேகமாகப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஒரு நொடி கூட முந்தாது. பொத்தானை அழுத்தும்போது, மெயிலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரிகளோடு 'இம்பார்ட்டன்ஸ்: ஹை', 'எக்ஸ்-பிரையாரிட்டி: 1' என்பது போல ஓரிரு வரிகள் சேர்கின்றன. அவ்வளவுதான் நடப்பது. வழியில் இருக்கும் சர்வர்கள் பொதுவாக அதைச் சட்டை செய்வதில்லை. இணைய மெயில் எப்படிப் பயணிக்க வேண்டும் என்று சொல்லும் 2008-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5321 விதி (ஆர்.எஃப்.சி. என்பவை இணையத் தரங்களை எழுதிவைக்கும் எண்ணிட்ட ஆவணங்கள்), எதிர்ப்பக்க சர்வர் மெயிலை வாங்கிக்கொள்ளாவிட்டால் குறைந்தது 30 நிமிடம் விட்டு மறுபடி முயலச் சொல்கிறது. கைவிடுவதற்கு முன் 4, 5 நாளாவது முயன்றுகொண்டிருக்கச் சொல்கிறது. சிவப்பு மெயிலும் அந்த வரிசையில்தான் நிற்கும். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாலும் மெயில் விதிப்படிதான் நடந்திருக்கிறது. உயிர் போகிற அவசரத்தை இந்த வண்டியில் ஏற்றவே கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த மாதிரி வரிகளின் மூலத்தைத் தேடிப் போனால், முன்னுரிமை உண்மையிலேயே வேலை செய்த ஓர் உலகத்தில் போய் நிற்போம். 1984-இல் வெளியான எக்ஸ்.400 என்ற மெயில் தரத்தில், அவசரமற்றது, சாதாரணம், அவசரம் என்று மூன்று படிகள் இருந்தன. அவை மெயிலைச் சுமந்து செல்லும் அமைப்புக்கே சொல்லப்பட்டவை: எதை முதலில் அனுப்ப வேண்டும் என்பதற்கான கட்டளை. அந்த மெயிலுக்கும் இணைய மெயிலுக்கும் இடையே போக்குவரத்து வேண்டியிருந்ததால், எந்த வரி எங்கே எப்படி மாறும் என்று பொருத்தம் எழுதினார்கள். 1998-இன் ஆர்.எஃப்.சி. 2156 அதுதான். பிறகு எக்ஸ்.400 பெரும்பாலும் வழக்கொழிந்தது. வரிகள் மட்டும் தங்கிவிட்டன. கட்டளையாக இருந்த முன்னுரிமையில் இன்று மிஞ்சியிருப்பது பெறுகிறவரின் திரையில் ஒரு சிவப்புக் குறி மட்டும்தான்.

போக்குவரத்திலேயே முன்னுரிமை கொடுக்கும் வழி அதற்குப் பிறகும் எழுதப்பட்டிருக்கிறது. 2012-இன் ஆர்.எஃப்.சி. 6710, கழித்தல் 9 முதல் கூட்டல் 9 வரை எண் கொடுத்து மெயிலை முந்தவிட வழி செய்கிறது. ஒருவரையொருவர் நம்பும் சர்வர்கள் மட்டுமே இருக்கும் வலைகளில்தான் அதற்குப் பொருள் உண்டு. ராணுவம், பேரிடர்ப் பணி போன்றவை அப்படிப்பட்டவை. திறந்த இணையத்தில், முன்பின் தெரியாத சர்வர் ஒன்று 'என் மெயில் எல்லாவற்றையும் விட முக்கியம்' என்று சொன்னால் எந்த சர்வர் நம்பும்?

நம்பிக்கை இருந்த இடங்களில் அவசரக் குறி நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஆட்டோவான் தொலைபேசி வலையில், எண்கள் இருக்கும் மூன்று நெடுவரிசைகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு வரிசைப் பொத்தான்கள் இருந்தன. பிரையாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைடு என்று படிகள். லைன் எல்லாம் நிறைந்திருந்தால், மேற்படி அழைப்பு கீழ்ப்படி அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போகும். யார் எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. தந்தி இருந்த காலத்தில் அவசரத் தந்திக்குக் கூடுதல் கட்டணம். தந்தியில் பணம் தடுத்தது, ராணுவ வலையில் பதவியும் விதியும் தடுத்தன. அலுவலக மெயிலில் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. சிவப்புக் குறி இலவசம், எல்லோருக்கும் உண்டு, தவறாகப் போட்டால் போட்டவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் விலையை எல்லாம் பெறுகிறவர்தான் கொடுக்கிறார். ஆகவே உங்கள் இன்பாக்ஸ் சிவந்து கிடப்பதற்கு உங்கள் சகாக்கள் பொறுப்பற்றவர்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். இப்படி ஒரு வசதியைக் கையில் கொடுத்தால் நல்லவர்களும் அப்படித்தான் பயன்படுத்துவார்கள்.

இதற்கு விலை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2007 வாக்கில் சீரியாசிட்டி என்ற நிறுவனம் அட்டென்ட் என்ற ஒரு கருவியைக் கொண்டுவந்தது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் செயற்கை நாணயம் ஒன்று குறிப்பிட்ட அளவு கிடைக்கும். மெயில் முக்கியம் என்று நினைத்தால் அதில் எவ்வளவோ சேர்த்து அனுப்பலாம். வாங்கியவர் அதைத் தன் மெயிலுக்குச் செலவழிக்கலாம். யோசனை அழகானது. ஆனால் அலுவலகத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறைய மெயில் வாங்குகிறவரிடம் நாணயம் குவியும், புதிதாகச் சேர்ந்தவர் கையிருப்பை எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையான ஆபத்தை முதலில் பார்ப்பவர் பல நேரங்களில் அந்தப் புதியவர்தான். வாரத்துக்கு இத்தனை சிவப்புக் குறிதான் என்று ரேஷன் வைப்பதற்கும் இதே குறை உண்டு. தயங்கக் கூடாதவரைத்தான் அது தயங்க வைக்கும்.

அப்படியானால் குறியையே எடுத்துவிட்டு எது முக்கியம் என்று கணினியே கண்டுபிடிக்கட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். ஜிமெயில் 2010-இல் பிரையாரிட்டி இன்பாக்ஸ் என்று செய்தது அதுதான். யாருடைய மெயிலைத் திறக்கிறீர்கள், யாருக்குப் பதில் போடுகிறீர்கள் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, முக்கியம் என்று அதுவே குறிக்கும். நல்ல உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கணினி கற்றுக்கொள்வது கடந்தகாலத்திலிருந்து. அவசரம் என்பது பெரும்பாலும் கடந்தகாலத்தில் இல்லாத இடத்திலிருந்து வரும். ஆறு மாதமாக ஒரு மெயில் கூட எழுதாத கிடங்குப் பொறுப்பாளர் இன்று எழுதுகிறார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், உங்கள் இன்பாக்ஸின் வரலாற்றில் அது இருக்காது. அனுப்புகிறவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டும். குறியை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதன் அடிப்படை இதுதான். உங்கள் மேலதிகாரி என்ன காரணத்துக்காகச் சொன்னாரோ, இந்த அளவில் அவர் சொன்னது சரி.

எடுத்துவிட்டால் நடக்கப்போகும் இன்னொன்றையும் யோசியுங்கள். ஜிமெயிலின் எழுதும் பெட்டியில் இந்தப் பொத்தான் இல்லை. அதனால் அவசரம் குறைந்துவிட்டதா என்ன? சப்ஜெக்ட் வரியில் 'அர்ஜென்ட்', 'மிக மிக அவசரம்' என்று நான்கு ஆச்சரியக்குறியோடு எழுதுகிறார்கள். பொத்தான் வழியாக வரும் குறியை ஒரு விதி போட்டு அடக்கலாம், நீக்கலாம், குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் அனுமதிக்கலாம். சப்ஜெக்டில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதை எதை வைத்து அடக்குவது?

இனி உங்கள் இரண்டு நாள் விஷயம். ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கையைக் காது தானாகவே ஒதுக்கிவிடும். கவனக்குறைவு என்று அதை நீங்கள் உங்கள் மேல் போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவமனைகளில் இது மிகக் கொடுமையாகத் தெரிய வந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை கருவிகளின் அலாரம் தொடர்பாகத் தனக்கு வந்த 98 சம்பவங்களைக் குறிப்பிட்டது. அவற்றில் 80 பேர் இறந்திருந்தார்கள். அலாரங்களில் பெரும்பகுதிக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதே இல்லை என்பதும், அதனால் ஊழியர்கள் அந்தச் சத்தத்துக்கே மரத்துப்போனார்கள் என்பதும் அதில் பேசப்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கே இது நடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் நடக்காதா?

ஆனால் உங்கள் சம்பவத்தில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சரக்கு அனுப்புபவரின் மெயில் கணக்குக்குள் யாரோ புகுந்திருந்தார்கள். திருடன் எழுதினாலும் அதே முகவரியிலிருந்துதான் எழுதுவான். அதே சிவப்புக் குறியைத்தான் போடுவான், சொல்லப்போனால் இன்னும் அழுத்திப் போடுவான். 'நம்பாதீர்கள்' என்ற மெயிலும், 'கணக்கு எண் மாறிவிட்டது, இன்றே அனுப்புங்கள்' என்ற மெயிலும் ஒரே பெயரில், ஒரே நிறத்தில் உங்கள் முன் வந்து நிற்கும். எது உண்மை என்பதை மெயிலை வைத்து உங்களால் சொல்லவே முடியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்தத் திருடர்கள் பிழைப்பது அதில்தான், நம்மை அவசரப்படுத்திப் புத்தியை மட்டுப்படுத்துவதில். வணிக மெயில் மோசடி என்ற இந்த ஒரு வகையில் மட்டும் 2023-இல் தனக்கு வந்த புகார்களின் இழப்பு ஏறத்தாழ 290 கோடி டாலர் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குச் சொன்னது. ஸ்பாம் அசாசின் போன்ற குப்பை மெயில் வடிகட்டிகளில், உயர் முன்னுரிமைக் குறியைச் சந்தேகத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக வைத்து விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கெட்டவர்களுக்கு அந்தக் குறி எவ்வளவு பிடிக்கும் என்பதை வடிகட்டி எழுதியவர்கள் கண்டுகொண்டார்கள்.

எனவே உங்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு விதி இன்றே போடுங்கள். பணமும் அவசரமும் ஒரே மெயிலில் வந்தால், வேலை நிற்க வேண்டும். அந்த மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, முன்பே உங்கள் பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகுதான் கை நகர வேண்டும். யார் அனுப்பியிருந்தாலும், உங்கள் நிர்வாக இயக்குநரே அனுப்பியிருந்தாலும் இதுதான். சரக்கு அனுப்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்: வங்கி விவரம் சம்பந்தப்பட்ட எதையும் போனில் சொன்னால்தான் எடுத்துக்கொள்வோம். அன்று அவர் உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

இரவு மெயில் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், ஏனென்றால் அங்கே நீங்கள் அனுப்புகிறவராக நின்று யோசித்திருக்கிறீர்கள். லாரா ஜூர்ஜே, வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சரியாக இதைப் பற்றியது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமில்லாத மெயிலுக்கு அனுப்பியவர் எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கிறார் என்பதை, பெறுகிறவர்கள் தொடர்ந்து மிகையாகவே கணிக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பதில் மெதுவாக வந்தால் போதும் என்று அனுப்பியவர் நினைத்திருப்பார், வாங்கியவர் மனம் அடித்துக்கொள்ளும். தீர்வாக அவர்கள் சோதித்தது மிக எளிமையானது: 'இது அவசரமில்லை, முடியும்போது பாருங்கள்' என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்ப்பது. அந்த வரி அந்தத் தவறான கணிப்பைக் குறைத்தது.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் விஷயம் இருக்கிறது. அவுட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறிக்குப் பக்கத்திலேயே கீழ்நோக்கிய நீல அம்புக்குறி ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. முக்கியத்துவம் குறைவு என்பது அதன் பொருள். பலரும் அதை அழுத்திப் பார்த்ததே இல்லை. என்னைக் கேட்டால் இரண்டில் அதுதான் மதிப்புள்ள குறி. 'அவசரம்' என்று பொய்யாகச் சொல்கிறவருக்கு லாபம் உண்டு, அவர் வேலை முதலில் முடியும். 'அவசரமில்லை' என்று பொய்யாகச் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கும்? அவர் வேலைதான் தள்ளிப்போகும். அதனால் அந்தக் குறியை யாரும் பொய்யாகப் போடுவதில்லை, அதைப் பார்த்தால் நம்பலாம். மெயில் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் சிவப்பு பொத்தானுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் இரவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அனுப்பும் மெயில், அனுப்புகிறவர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, தானாகவே 'நாளை பார்த்தால் போதும்' என்ற குறியோடு, பெறுகிறவரின் போனில் ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார வேண்டும். புதிய சாஃப்ட்வேரில் இப்படி அமைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், இரவில் எழுதிக் காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி இன்று பெரும்பாலான மெயில்களில் இருக்கிறது. ஆனால் நேரம் குறிப்பதோடு நிறுத்தாமல், அந்த ஒரு வரியையும் எழுதுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அடுத்தது சிவப்புக் குறியையே எப்படி மாற்றுவது என்பது. 'எவ்வளவு அவசரம்' என்று சாஃப்ட்வேர் கேட்கக் கூடாது, 'எப்போதுக்குள் வேண்டும்' என்று கேட்க வேண்டும். முன்னதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பின்னதற்கு ஒரு நாளையும் மணியையும் யோசித்துத்தான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை மாலை என்று எழுதும்போதே, இது இன்றைக்குச் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை என்பது எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும். நேரம் சொன்னால் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த நேரம் கடந்ததும் குறி தானாக அணைந்துவிடும். முடிந்துபோன அவசரங்கள் இன்பாக்ஸில் சிவந்தபடியே கிடப்பதுதான் இன்று பாதி இரைச்சல். வியப்பு என்னவென்றால் இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. நான் மேலே சொன்ன 1998-இன் அதே ஆவணத்தில், எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பதற்கு 'ரிப்ளை-பை' என்றும், எப்போது காலாவதியாகும் என்பதற்கு 'எக்ஸ்பயர்ஸ்' என்றும் வரிகள் இருக்கின்றன. சிவப்புக் குறி ஊரெல்லாம் பரவியது, அறிவுள்ள இந்த இரண்டு வரிகளும் ஏறக்குறைய அநாதையாகிவிட்டன. இது என்னைப் பல காலமாக வருத்தும் விஷயம். சாஃப்ட்வேர் மாறும்வரை கையால் செய்யலாம்: சப்ஜெக்டின் தொடக்கத்திலேயே 'புதன் பகல் 12-க்குள்' என்று எழுதும் பழக்கத்தை உங்கள் பிரிவில் தொடங்குங்கள்.

உங்கள் மேலதிகாரியிடமும் இதையே பேசலாம். 'நீங்கள் சிவப்புக் குறியை அதிகம் போடுகிறீர்கள்' என்று சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். 'எப்போதுக்குள் வேண்டும் என்று எழுதிவிட்டால் நான் அதன்படி வரிசைப்படுத்தி முடித்துத் தருகிறேன், எனக்கு அது உதவும்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும், தான் கேட்டது மறந்துபோகுமோ என்ற கவலையில்தான் அந்தக் குறி விழுகிறது. நேரத்தோடு கேட்டதெல்லாம் நேரத்தோடு கிடைக்கும் என்று தெரிந்தால் அந்தக் கவலை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

பெறுகிறவர் கையில் அதிகாரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது எட்டாத கனவு இல்லை. போன்களில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8, ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகை பிரித்தே ஆக வேண்டும் என்றது. எந்த வகை சத்தம் போடலாம், எது அமைதியாக வர வேண்டும் என்ற முடிவு போன் வைத்திருப்பவருடையது. ஐபோனுக்கு 2021-இல் வந்த ஐ.ஓ.எஸ். 15-இல் ஒரு செயலி தன் அறிவிப்பை நேரம் தவறக் கூடாதது என்று அறிவித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சலுகையை நீங்கள் ஒரு தொடுதலில் பறித்துவிடலாம். மெயிலுக்கும் இதே ஏற்பாடுதான் வேண்டும். குறி வரட்டும், ஆனால் நான் மாற்றாதவரை அது சத்தமில்லாத ஒரு சிறு அடையாளமாக இருக்கட்டும். நான் அனுமதித்த ஆட்களிடமிருந்து வந்தால் மட்டும் அது மேலே ஏறட்டும், ஒலிக்கட்டும். ஒருவரின் குறி எனக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரு சொடுக்கில் அவருடைய குறியை என் திரையில் மட்டும் தணிக்க முடியட்டும். அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, யாரையும் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை. அனுப்புகிறவருக்கு, இந்த மாதம் நீங்கள் அனுப்பியதில் இத்தனை மெயில்கள் அவசரக் குறியோடு போயின என்று அவருக்கு மட்டும் காட்டினால் போதும். பலருக்கு அந்த எண்ணே வியப்பாக இருக்கும்.

இதில் ஒரு பகுதியை இன்றே செய்ய முடியும். அவுட்லுக் போன்றவற்றில், உயர் முக்கியத்துவக் குறியோடு வரும் மெயிலை, குறிப்பிட்ட சிலரிடமிருந்து வந்தால் தவிர, சாதாரணமாக மாற்றிவிடு என்று விதி எழுதலாம். சர்வர் அளவிலும் செய்யலாம்: வெளியிலிருந்து வரும் மெயிலில் அந்த வரிகளை உள்ளே நுழையும்போதே நீக்கச் சொல்லி உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள். வெளியாருக்கு உங்கள் திரையில் சிவப்பு வரையும் உரிமை தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அனுப்புகிறவர் கையில் முழு அதிகாரம் கொடுத்த ஏற்பாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அலுவலகங்களில் செய்தி அனுப்பிக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியில் 'அர்ஜென்ட்' என்று அனுப்பினால், படிக்கும்வரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். பணிநேரத்தில் இருக்கும் மருத்துவரையோ, சர்வர் காவலில் இருக்கும் பொறியாளரையோ கூப்பிட அது சரி. அவர்கள் எழுப்பப்படுவதற்கென்றே அந்த நேரத்தில் இருக்கிறார்கள். யார் அதைப் பயன்படுத்தலாம் என்பதை நிர்வாகி கட்டுப்படுத்தவும் முடியும். மெயிலை அப்படி ஆக்கக் கூடாது. கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம் போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை மட்டும் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. ஆனால் இன்பாக்ஸை மூடிவைக்கும் தைரியம் ஒருவருக்கு எப்போது வரும்? உண்மையான அவசரம் வேறு வழியில் தன்னை வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வரும். ஆகவே அந்த வேறு வழியை நீங்கள் எழுத்தில் வைக்க வேண்டும்: ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வேண்டும் என்றால் போன், யாருக்கு, எந்த எண்ணில், இரவென்றால் யாருக்கு. இது இல்லாமல் சிவப்புக் குறியைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். குறைக்காததில் நியாயமும் இருக்கும்.

படித்த ரசீது வேண்டாம். பெறுகிறவர் அதை அனுப்ப மறுக்கலாம், பல சாஃப்ட்வேர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை, வந்தாலும் மெயில் திறக்கப்பட்டது என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லாது. இரவில் பதில் போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் குழுவினருக்கு, நீங்கள் கண்காணிக்கிறீர்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். பார்த்துவிட்டார்களா என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டிய மெயிலில், 'கிடைத்தது என்று புதன் பகலுக்குள் ஒரு வரி போடுங்கள்' என்று கேளுங்கள்.

கருத்துக் கேட்டவர்களுக்கு நீங்கள் எழுதி அனுப்ப இதை எடுத்துக்கொள்ளலாம்: 'அவசரக் குறி இருக்கட்டும். குறியிடும்போது எப்போதுக்குள் என்று கேட்க வேண்டும், நேரம் கடந்தால் குறி அணைய வேண்டும். வெளியிலிருந்து வரும் குறியை சர்வரிலேயே நீக்க வேண்டும். குறி தானாகச் சத்தம் எழுப்பக் கூடாது, யாருடையது ஒலிக்கலாம் என்பதைப் பெறுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரமில்லை என்ற குறி, அவசரக் குறிக்குப் பக்கத்தில் அதே அளவில் தெரிய வேண்டும்.' நீங்கள் வாங்கப்போகும் சாஃப்ட்வேரில் இவற்றில் எல்லாமே இருக்காது. இரண்டைத்தான் கேட்டு வாங்க முடியும் என்றால், வெளியிலிருந்து வரும் குறியை நீக்குவதையும், ஒலிப்பதைப் பெறுகிறவர் தேர்ந்தெடுப்பதையும் கேளுங்கள். மற்றவற்றைப் பழக்கத்தால் ஈடுகட்டலாம், இந்த இரண்டையும் முடியாது.